தடுக்கிற ரூல் உன் பெயரில் இருந்தது

இன்று காலை ஆம்லெட் போட உடைத்தது கூமுட்டை. நாற்றம் மூக்கில் ஏறியதும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன். "ஒரு முட்டைக்கா இந்த ஓட்டம்?" என்று இவர் சிரித்தார். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நம் தோல் ஃபேக்டரியில் கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வீசுமே, அதே நாற்றம். நீ ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வருவாய், நான் பள்ளிகொண்டாவிலிருந்து பஸ்ஸில். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் இருவரும் கம்ப்யூட்டர் அறைக்குப் போவோம். நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் சந்தோஷப்படக் கூடாது, வாயு ஜாஸ்தியாகி மூக்கு மரத்துப்போயிருக்கும் என்று பைப் வேலை பார்க்கும் யேசுதாஸ் அண்ணன் ஒருநாள் சொன்னார். அன்று நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அடைப்பெடுக்கத் தொட்டியில் ஆள் இறங்குவதென்றால் கம்ப்யூட்டரில் அனுமதி வாங்க வேண்டும். சூப்பர்வைசர் விண்ணப்பம் போட்டதும் சர்வரே அனுமதி கொடுத்துவிடும். வேலை நிற்கக் கூடாதென்று அப்படி ஒரு ரூல். வாயு அளவை எழுதாமல் விட்டால் கம்ப்யூட்டர் திரை ஏற்காது. ஆனால் மொபைலில் போட்டால் அந்தத் தடை கிடையாது, கட்டம் காலியாக இருந்தாலும் அனுமதிக்கான பச்சை விழும். அதைக் கண்டுபிடித்தவள் நீ. மேனேஜர், அப்புறம் பார்க்கலாம் என்றார். நீ கேட்கிற ஆளா? அன்று ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்து, சர்வரிலேயே இன்னொரு ரூல் எழுதினாய். அளவு இல்லையென்றாலோ கூடுதலாக இருந்தாலோ, விண்ணப்பம் எந்த வழியாக வந்தாலும் அது மறுத்துவிடும். கம்பெனி ஐடி இருக்கும்போது ஏன் சொந்த ஐடியில் போடுகிறாய் என்று கேட்டேன்.

"என் பேர்ல இருந்தா எவனும் கை வைக்க மாட்டான்டி. கேள்வி வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன்."

சூப்பர்வைசர்கள் உன்னை 'பேஜார் மேடம்' என்றார்கள். நீ அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் டெங்கு வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. காரியமெல்லாம் முடிந்து, வேலையை விட்டுப் போகிறவர்களுக்குச் செய்வதுபோலவே ஆபீஸில் உன் ஐடியை மூடினார்கள். அதோடு அதில் ஓடிக்கொண்டிருந்த ரூலும் நின்றுபோகும் என்று அவர்களுக்குத் தெரியாது. மூடியதை என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை என் திரையில் தொட்டி அனுமதி ஒன்று பச்சையாக வந்தது. வாயு அளவுக் கட்டம் காலி. இது எப்படி வரும் என்று யோசித்தேன். உன் ஐடியைத் தேடிப் பார்த்தேன், மூடியிருந்தது. கொடுக்கிற ரூல் கம்பெனி பெயரில் இருந்ததால் ஓடிக்கொண்டிருந்தது. தடுக்கிற ரூல் உன்னோடு போய்விட்டது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அறைக்கு வெளியே கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

தொட்டி மூடி திறந்து கிடந்தது. யேசுதாஸ் அண்ணன் இடுப்பில் கயிற்றோடு ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார், மார்புவரை உள்ளே போயாகிவிட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவர் மேலே வந்து, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"பச்சை வந்துச்சேம்மா. அந்தப் பொண்ணு ரூல் போட்டதுலேர்ந்து பச்சை வந்தா நம்பித்தானே எறங்குறோம்?"

வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார்கள். அது நிறுத்தாமல் கத்தியது. சூப்பர்வைசர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். யேசுதாஸ் அண்ணன் தள்ளிப் போய் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்று உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. போய்ச் சேர்ந்தவளிடம் கோபப்படலாமா, தெரியவில்லை. உன் பெயரில் இருந்தால் பத்திரம் என்று நினைத்தாயே, நீ இல்லாமல் போவாய் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? எனக்கு மட்டும் எங்கே தோன்றியது? நமக்கு என்ன சாகிற வயதா?

அன்றைக்கே உன் ரூலைக் கம்பெனி பெயருக்கு மாற்றினேன். மேனேஜர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. தினமும் காலையில் ஆபீஸுக்குள் நுழைந்ததும் மொபைலில் நானே ஒரு காலி விண்ணப்பம் போடுகிறேன். பதில் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அளவு பார்த்துட்டு வாங்கண்ணா, வீட்ல காத்துட்டிருப்பாங்க" என்று நீ எழுதிவைத்த மறுப்பு வந்த பிறகுதான் மற்ற வேலை ஓடுகிறது.

போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன். படுத்தபடியே போனை எடுத்து அந்த விண்ணப்பத்தைப் போட்டேன். இப்படி ஒன்றை நான் தினமும் போடுகிறேன் என்பது ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு ஏதாவது ஆனால் இதுவும் உன் ரூலைப் போல நின்றுவிடும்.