முறுக்கு உரலில் வனிலா மணம்

அக்கா,

இன்று முறுக்குப் பிழிய உரலை எடுத்தேன். வனிலா மணத்தது. சுடுநீரில் ஊறவைத்து, தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. "இதென்ன, டென்மார்க் முறுக்கோ?" என்று இவர் கேட்டார். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் தலையில் பழியைப் போட்டிருப்பேன்.

நாங்கள் கனடாவில் இந்தக் கர்க்லாண்டுக்குக் குடிவந்தபோது பக்கத்து வீட்டில் நீங்கள். அகதியாகப் போய் ஒன்பது வருடம் டென்மார்க்கில் இருந்துவிட்டு மொன்றியல் வந்தவர். அந்த நாட்டு வனிலா வளைய பிஸ்கட்டுகளை யேசு பிறந்த நத்தாருக்குச் சுட, என் உரலை நட்சத்திர அச்சோடு கேட்டிருந்தீர்கள். நான் கொண்டுவந்து தருவதற்குள் யாழ்ப்பாணத்தில் அப்பா செத்துப்போனார். போரில் பாதை பூட்டிக் கிடந்த காலம். செத்தவீட்டுக்குப் போக வழியில்லை. அழுகையும் வரவில்லை.

சொன்ன சொல்லுக்காக உரலை உங்கள் படியில் வைத்து, மணியை அடித்துவிட்டுத் திரும்பினேன். கதவைத் திறந்து, "எங்க போறாய்?" என்றீர்கள்.

"அப்பா செத்த துடக்கு அக்கா. முப்பத்தொண்டாம் நாள் முடியாமல் நத்தார் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"வராத. ஆனா சாப்பிடாமல் போகேலாது. டென்மார்க்கில நத்தாருக்கு வந்த ஆள் ஒண்டும் வாயில வைக்காமல் போனா, அந்த வீட்டு நத்தாரையும் கொண்டு போயிடுமெண்டு சொல்லுவினம். என்ர நத்தாரைக் களவெடுக்காத."

நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு தட்டு மிளகு பிஸ்கட்டோடு வெளியே வந்து, பனியைத் தட்டிவிட்டுப் படியில் இருந்தீர்கள். என்னையும் இருத்தினீர்கள். "இப்ப உன்ர அப்பரைப் பற்றிச் சொல்லு." நெல்லிக்காயளவு பிஸ்கட். ஏலக்காயும் மிளகும் நாக்கில் பட்டன. அப்பா போய் ஆறாம் நாள், அந்தப் படியில்தான் நான் முதன்முதலாக அழுதேன். அதற்கு நான் உங்களுக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

அடுத்த நத்தாருக்கு உங்கள் குசினியில் மாக் குழைத்தேன். பழக்கதோஷத்தில் சுடுதண்ணீர்க் கேத்திலைத் தூக்கிவிட்டேன். "எடியே, இது முறுக்கில்லை, பட்டர் உருகி ஓடிடும்" என்று கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். பிழிந்த மாவை விரல் நீளத்துக்கு வெட்டி, வளைத்து, நுனிகளை ஒட்டி அடுக்கினோம். எனது வளையங்கள் எல்லாம் கோணல். உங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவற்றைத்தான் முதலில் நீட்டினீர்கள்.

பிறகு புற்றுநோய் வருத்தம் வந்தது உங்களுக்கு. கடைசி நத்தாருக்கு, மருந்து ஏற்றிய இரண்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நான் தனியே சுட்ட முதல் வளையங்கள் மேசையில் இருந்தன. பட்டர் மணமே உங்களுக்கு ஒத்துவரவில்லை. எழும்பிவிட்டீர்கள். நான் வாசலை மறித்தேன்.

"சாப்பிடாமல் போறியள். என்ர நத்தார்?"

சிரித்துக்கொண்டு ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தீர்கள். "பிறகு சாப்பிடுறன். அதுவரைக்கும் உன்ர நத்தார் என்னட்டைப் பத்திரமா இருக்கும்." மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

எங்கள் வாசலுக்கு வருகிற யாரையும், தபால்காரர் உட்பட, நான் வெறும் வாயோடு விடுவதில்லை. போன கிழமை உங்கள் வீட்டுக்கார அண்ணை அந்த நீலக் கோட்டைக் கொண்டுவந்து, "நீங்கள் வைச்சிருங்கோ தங்கச்சி" என்றார். அவருக்கு வளையங்கள் கொடுத்து அனுப்பிய பிறகுதான் பைக்குள் கைவிட்டேன். கடதாசி இருந்தது. பிரித்தால், அந்த வளையம். ஒரு பக்கம் சின்னதாகக் கடித்திருந்தீர்கள்.

கோட்டை மாட்டிக்கொண்டு உங்கள் படியில் போயிருந்து, மிச்சத்தை நான் தின்று முடித்தேன்.