தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு

என் செல்ல மாரீஸ்வரிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். "என்னக்கா, லீவு லெட்டர் கணக்கா ஆரம்பிக்கீக?" என்பாய். அதனால்தான் செல்லம் என்று தொடங்குகிறேன். நீ இருந்தவரை ஒரு நாளும் உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நீ போய் நாலு மாதம் ஆன பிறகுதான் எனக்கு வாய் வருகிறது.

முதலில் ஊர்ச் செய்தி. உங்கள் தெருவுக்கும் இலவச டிவி வந்துவிட்டது. பெரிய டீச்சர் செல்போன் வாங்கியிருக்கிறார். பேசி முடித்ததும் அதை அணைக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டுகிறார், எனக்கு மட்டும் தெரியுமாக்கும். உன் ஒன்றாம் வகுப்பு பி பிரிவுக்கு மதுரையில் படித்த ஒரு டீச்சர் வந்திருக்கிறாள். உன் பிள்ளைகளில் ஏழு பேருக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் பார்க்கச் சகிக்கவில்லை, அம்புட்டு அழகு.

நம் பள்ளிக்கூடம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் என் தப்புக்கு வர முடியாது. ஒரு நீளக் கொட்டகை, நடுவில் ஓலைத் தட்டி. இந்தப் பக்கம் என் ஏ பிரிவு, அந்தப் பக்கம் உன் பி பிரிவு. பிள்ளைகளைப் பெற்றவர்கள் விடிந்ததும் வேன் ஏறிப் பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள். பிள்ளையாவது இங்கிலீஷ் பேசட்டும் என்று நம்மிடம் விட்டார்கள். நான் தமிழ் பி.ஏ., நீ பிளஸ் டூவுக்கு மேல் டீச்சர் டிரெய்னிங். நம் இரண்டு பேர் இங்கிலீஷையும் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது.

ஜூலையில் ஒருமை பன்மைப் பாடம் வந்தது. நான் போர்டில் நடுக்கோடு கிழித்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் பல என்று எழுதிப்போட்டு, மூச்சுக் காட்டாமல் எழுதச் சொன்னேன். என் கையெழுத்தின் மேல் எனக்கு இருந்த கர்வம் உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

நீ என்ன செய்தாய்? உன் வீட்டுக்காரர் அச்சாபீசில் கட்டிங் மிஷினில் நிற்கிறவர். வேஸ்டாகிப்போன பட்டாசு லேபிளை வெட்டாமல் முழுத் தாளாகவே அவரிடம் வாங்கி வந்தாய். ஒரே ஒரு முயல் லேபிளைக் கத்தரித்துக் காட்டி 'ரேபிட்' என்றாய். பிறகு வரிசை வரிசையாக முயல் நிற்கும் முழுத் தாளைத் தலைக்கு மேல் தூக்கி 'ரேபிட்ஸ்' என்றாய். அந்தக் கடைசிச் சத்தத்தை, திரியில் நெருப்பு ஓடுகிற மாதிரி முப்பது பிள்ளைகளும் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்தார்கள்.

அதோடு விட்டாயா? கடைசியில் 'ஸ்' வராத 'ஃபுட்', 'டூத்', 'மேன்' எல்லாம் வந்தபோது, "இதுகளுக்குத் திரி கெடையாதுலே. எப்பம் வெடிக்கும்னு தெரியாது. காதப் பொத்துங்க!" என்றாய். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பார்கள். அப்புறம் எல்லாரும் ஒன்றாக எம்பிக் குதித்து 'ஃபீட்!' 'டீத்!' 'மென்!' என்று கத்துவார்கள். தட்டி அதிர்ந்து ஓலைத்தூசி என் தலையில் கொட்டும். என் நேர்கோடு கோணலாகும்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது கேட்டேன். "ஏன்டி, உசிரக் கையில பிடிச்சிக்கிட்டு வெடிமருந்துல வேலை பாக்குறவக பிள்ளைகளுக்கு, வெடிய வச்சா பாடம் நடத்துவ?"

நீ ஊறுகாயை நக்கிக்கொண்டே, "அவுக வீட்ல வேற என்னக்கா இருக்கு? ஆப்பிளா இருக்கு?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் என் பிள்ளைகள் பன்மையில் புலியாக இருந்தார்கள். எந்த வார்த்தையைக் கேட்டாலும் டக்கென்று பதில் வரும். எல்லாம் என் போர்டு வேலையின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் திமிரில்தான் ஆகஸ்டில் பெரிய டீச்சரிடம் போய், "பக்கத்துச் சத்தத்துல என் பிள்ளைக காதுல ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்றேன். மறுநாளே உன்னைக் கொல்லைப்பக்கம் மோட்டார் ரூமுக்கு அடுத்த அறைக்கு மாற்றினார்கள். ஆமாம் மாரி, போட்டுக்கொடுத்தது நான்தான்.

லேபிள் தாளையெல்லாம் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வாசலில் நின்றாய். "யாரோ சொல்லியிருக்காக போலக்கா. போகட்டும். ஒங்க பிள்ளைகதான் பாவம்" என்றாய். கிண்டல் செய்கிறாய் என்று நினைத்து, "ஆமாமா, ரொம்பப் பாவம்" என்றேன். உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து 'சைல்டு', 'மௌஸ்' என்று புது வார்த்தைகள் வந்தன. போர்டில் வழக்கம்போல முத்து முத்தாக எழுதினேன். அழித்துவிட்டுக் கேட்டால் ஒரு பிள்ளைக்கும் வாய் திறக்கவில்லை. முன்வரிசைக் காளீஸ்வரி மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"டீச்சர், அந்த டீச்சர் எங்கன போயிட்டாக? அங்கிட்டு வெடிச்சாத்தான எங்களுக்குத் தெரியும்?"

முப்பது தலையும் ஆமாம் என்று ஆடியது.

அன்றைக்கே மோட்டார் ரூம் பக்கம் வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று கால் பரீட்சை வந்தது, லீவு வந்தது. தீபாவளி சீசன் மும்முரத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. இளநீரோடு பார்க்க வந்தேன். மஞ்சள் பூத்த கண்ணோடு, "எலிப்பாடம் முடிச்சிட்டீகளாக்கா?" என்று கேட்டாய். முடித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். மற்றதையும் சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் மாமியார் கஞ்சி கொண்டுவந்தார், அதைச் சாக்காக வைத்து எழுந்து வந்துவிட்டேன். அடுத்து வந்தபோது நீ இல்லை.

பொங்கல் கழிந்து உன் வீட்டுக்காரர் பால்பாண்டி, நூல் போட்டுக் கட்டிய ஒரு லேபிள் தாள் கட்டோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"டீச்சர், அவ இருந்தப்ப ரெண்டு செட்டு எடுத்தாரச் சொன்னா. ஒண்ணு ஒங்களுக்குன்னா. குடுக்கக் கூச்சமா இருக்குன்னு வீட்லயே வச்சிருந்தா."

"எனக்கா? நான் அவ சத்தத்தக் கேட்டாலே எரிஞ்சு விழுவேனே."

அவர் சிரிக்கப் பார்த்தார். "தெரியும் டீச்சர். டெய்லி தொண்ட கட்டிப்போயி வந்து வெந்நி கேப்பா. ஏன் இப்பிடிக் கத்துறன்னு ஏசுவேன். 'தட்டிக்கு அங்கிட்டும் முப்பது பிள்ளைக கேட்டுக்கிட்டு இருக்குல்ல. நேராப் போயிச் சொன்னா அக்கா சங்கடப்படுவாக. அதான் கொஞ்சம் சத்தமாச் சொல்றேன்'ம்பா."

அடி பாவி. தொண்டை கட்டக் கட்டக் கத்தியது என் பிள்ளைகளுக்காகவா? நான் போட்டுக்கொடுத்ததும் உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் அந்தக் கட்டைக் கொடுக்கக் கூசினாயா? அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் போன பிறகு பிள்ளைகள் முன்னாலேயே அழுதேன்.

மறுநாள் பெரிய டீச்சரிடம் போய், பி பிரிவைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்னேன்.

"நீங்கதானம்மா சத்தம்னு சொன்னீக?"

"சத்தம் கெடுத்துச்சுன்னு சொன்னது பொய்ங்க. அந்தச் சத்தத்துலதான் என் பிள்ளைக படிச்சிருக்கு" என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் சொன்னேன். பாதிப் பாரம்தான் இறங்கியது.

இப்போது முயல் தாளை நான் தூக்கிப் பிடிக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, காதைப் பொத்திக்கொண்டு குதிக்கிறேன். நீ பார்த்தால் உருண்டு புரண்டு சிரிப்பாய். தட்டிக்கு அந்தப் பக்கம் புது டீச்சர், அப்படியே நான்தான். போர்டு, நேர்கோடு, மூச்சுக் காட்டாத பிள்ளைகள். முந்தாநாள் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பக்கத்து வகுப்புல சத்தம்னு சொல்லுதாக, கொஞ்சம் கொறச்சுக்கோங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேற்று என் பிள்ளைகள் குதித்து 'டீத்!' என்று கத்தி முடித்தார்கள். தூசி அடங்கியது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, முன்பல் இல்லாத ஏதோ ஒரு வாய், கொஞ்சம் பிந்தி, 'டீத்' என்றது.

மாரி, என் தொண்டை இருக்கிற வரைக்கும் சத்தத்தைக் குறைக்க மாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் கற்பகம் அக்கா