தவறு என் காலில் இல்லை

அன்புச் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, பிரஷர் பார்த்தியா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்தது கொஞ்சம் நீளம், அதனால்தான் காகிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. உன் சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே நம் வீட்டுக்கு வந்து, ஃபேன் மேல் இவ்வளவு தூசியா என்று கேட்டாள். பார்வை நன்றாக வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

இனி கார் விஷயம். பதறாதே, யாருக்கும் அடிபடவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, நீ விட்டுப்போன காரை நான் ஐம்பத்தெட்டு வயதில் அவரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் அவரைக் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது உனக்குத் தெரியும். ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. கடைசி நாலு மாதம் நடந்ததில்தான் பாதியை உன்னிடம் மறைத்துவிட்டேன். சிக்னலில் நின்றால் வண்டி குலுங்கும், முதல் கியரில் எடுத்தால் துள்ளும், சில நேரம் அப்படியே நின்றும் போகும். பெட்ரோல் நாற்றம் வேறு வீடுவரை கூடவே வரும். ஒவ்வொரு துள்ளலுக்கும் பக்கத்து சீட்டிலிருந்து அப்பா க்ளட்ச் என்பார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர் சொன்னால் நான் மறுத்துப் பேச முடியுமா. மற்ற வார்த்தைகளெல்லாம் அவர் வாயில் திக்கித் திணறி வருகின்றன, இது ஒன்று மட்டும் மணி அடித்த மாதிரி வரும். அதைக் கேட்டாலே எனக்குக் கால் நடுங்கும், கால் நடுங்கினால் வண்டி இன்னும் துள்ளும். எஞ்சின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கும் முன்னால் எரிந்துகொண்டே இருந்தது. அது என்னவென்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஓட்டிய பேருந்துகளில் எப்போதும் ஏதாவது ஒரு விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்குமாம், எல்லாம் அணைந்தால்தான் கவலைப்பட வேண்டுமாம். நானும் அதை நம்பினேன். தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே என்று நாலு மாதம் அந்த விளக்கை விளக்காகவே மதிக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு, பெரிய சந்திப்பின் நடுவில் வண்டி மூன்று முறை நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரே ஹாரன். பின்னால் நின்ற பேருந்தின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "உங்க வீட்ல வண்டி ஓட்ட வேற ஆளே இல்லையா" என்று கத்தினார். அப்பா தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். என்னை யார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன் சிட்டு, அவர் அப்படிக் குனிந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அன்றோடு சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் நீ வீடியோவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இனிமே ஓட்ட வேணாம்மா, நான் வாடகை வண்டி ஏற்பாடு பண்றேன் என்றாய். உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும், அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அடுத்த நாளே வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாய். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அது சரிப்படவில்லை. அப்பா காலை உள்ளே எடுத்து வைக்க மூன்று நிமிடம் ஆகும், அதற்குள் டிரைவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்ப்பார். நாலாவது தடவை அப்பா செருப்பே போட மறுத்துவிட்டார். இரண்டு வாரம் பயிற்சிக்குப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிய ஆரம்பித்திருந்த விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டன. இதைத்தான் உன்னிடம் நான் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்.

ஓட்டத் தெரியாதவளுக்குக் கார் எதற்கு என்று விற்க முடிவு செய்தேன். அடுத்த தெருப் பல் டாக்டர் வந்து சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், எல்லாம் பிடித்திருந்தது. அந்த மஞ்சள் விளக்கு அணைந்தால் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். உன்னிடம் கேட்காமல் உன் காருக்கு விலை பேசிவிட்டேன், அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். புதன்கிழமை காலையில் மெக்கானிக் கடைக்குக் கிளம்பினேன். அப்பாவும் வருகிறேன் என்று முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்த மெக்கானிக்கை இந்தப் பக்கத்தில் தலையாட்டி என்பார்கள். யார் என்ன சொன்னாலும் முதலில் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத்தான் பேசுவார். விளக்கை மட்டும் அணைத்துக் கொடுங்கள் போதும், விற்கப் போகிறோம் என்றேன். தலையை ஆட்டினார். "அணைக்கிறதுக்கு ஒரு நிமிஷம் போதும்மா. ஆனா எதுக்கு எரியுதுன்னு பாக்காம அணைச்சா, நாளைக்கு வாங்குறவரு என்னைத்தான் திட்டுவாரு" என்று சொல்லி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார். அன்று மட்டும் அவர் சரிங்கம்மா என்று சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை கார் போயிருக்கும். எனக்கு ஓட்ட வராது என்ற எண்ணத்தோடேயே நானும் செத்துப்போயிருப்பேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கருவியின் திரையில் கோடு ஒன்று ஓடியது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறதாம். எஞ்சின் விடும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அதை வைத்துத்தான் பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதும். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார், கோடு அடியிலேயே ஆணி அடித்த மாதிரிக் கிடந்தது. என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது, "இது உயிரோட இருக்கிற மெஷின் குடுக்கிற ரீடிங் இல்லையே" என்று. தலையாட்டி திரும்பிப் பார்த்தார், முதல் தடவையாக ஆமாம் என்று தலையை ஆட்டினார். முப்பது வருடம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்தவள் நான். பத்துப் பேர் ரத்தத்துக்கும் ஒரே அளவு வந்தால் பத்துப் பேரையும் படுக்கையில் போடக் கூடாது, மெஷினைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று எத்தனை புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். என் விஷயத்தில் அந்தப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. மெஷினைச் சோதிக்காமலேயே நோயாளியைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டேன், அந்த நோயாளியும் நானேதான். செத்துப்போன சென்சார் புகையில் பெட்ரோல் போதவில்லை, போதவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. குலுங்கியதும் துள்ளியதும் நின்றதும் நாற்றமும் எல்லாம் அதனால்தான். "உங்க கால்ல ஒரு தப்பும் இல்லம்மா, இந்த வண்டிய இவ்வளவு நாள் ஓட்டினதே பெரிய விஷயம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்க் கறை படிந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

கழற்றுவது லேசாக இல்லை. சென்சார் துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தார், ஒயர் நுழைவதற்காகப் பக்கத்தில் வெட்டு விட்ட ஸ்பானரைப் போட்டு இழுத்தார், அசையவில்லை. நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டித் தொங்கப் போகும்போது அப்பா காருக்குள்ளிருந்து இடது கையால் கதவைத் தட்டினார். "மரை... மரை போயிடும்" என்றார், குழாயில் சென்சார் திருகி உட்காரும் பள்ளத்தைத்தான் சொன்னார். அப்புறம் "சூடு... ஸ்டார்ட் பண்ணு" என்றார், இடது கையை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் காட்டினார். தலையாட்டி தலையை ஆட்டாமல் அவர் சொன்னபடியே செய்தார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாய் சூடானதும் எண்ணெய் விட்டு, இப்படிக் கால் சுற்று அப்படிக் கால் சுற்று என்று திருப்பினார். மரைக்கு ஒன்றும் ஆகாமல் வந்துவிட்டது. முனை முழுக்கக் கரி. "ஐயா, நீங்க சொல்லலைன்னா குழாயையே மாத்த வேண்டி வந்திருக்கும்" என்று அப்பாவிடம் வந்து சொன்னார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து யாரும் அப்பாவிடம் தொழில் பேசியதில்லை, எப்படி இருக்கீங்க என்றுதான் கேட்பார்கள். அதற்காகவும் அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். புதிய சென்சாரை முனையில் விரல் படாமல் எடுத்து, மறுபடி துருப்பிடித்து ஒட்டாமல் இருக்க மரையில் மட்டும் ஒரு பசையைத் தடவி, முதலில் கையாலேயே திருகி, பிறகு ஸ்பானரால் இறுக்கினார். கருவியை வைத்துக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பழைய பிழையை அழித்தார், மஞ்சள் விளக்கு அணைந்தது. ஓட்டிப் பார்க்கத் தானே ஏறுவார் என்று நினைத்தேன். சாவியை என்னிடம் நீட்டி, "நீங்களே எடுங்கம்மா" என்றார்.

எடுத்தேன். கடைவீதி, பள்ளிக்கூட வாசல், அந்தப் பெரிய சந்திப்பு, எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றினேன். ஒரு துள்ளல் இல்லை. சிக்னலில் நின்றால் வண்டி ஓடுகிறதா என்று சந்தேகமே வந்தது, அவ்வளவு அமைதி. பக்கத்து சீட்டிலிருந்தும் சத்தமில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு மாசமா க்ளட்ச் க்ளட்ச்னு என் உசிர எடுத்தீங்களே, இப்ப என்ன சொல்றீங்க என்று கேட்டுவிட்டேன். அவர் இறங்கவில்லை. ரொம்ப நேரம் வார்த்தையைத் தேடினார். உன்னைச் சொல்லலை என்றார். பிறகு விட்டு விட்டுச் சொன்னதை நான் சேர்த்து எழுதுகிறேன். பக்கவாதம் வந்த பிறகு எனக்கு எல்லாம் குழம்பிவிட்டது, அதனால் உனக்கு க்ளட்சைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது, சரியாகச் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் முயற்சி செய்தேன், அந்த ஒரு வார்த்தைக்கு மேல் வாயில் வரவில்லை என்றார். நான் என் காலைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவர் தன் மூளையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே காரில், ஒரு சாண் இடைவெளியில் உட்கார்ந்துகொண்டு, நாலு மாதமாக.

பல் டாக்டரிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன், முகம் கொஞ்சம் கோணியது, பரவாயில்லை. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பயிற்சிக்குப் போகிறோம், நேற்று அவர் கட்டைவிரலைப் பிரித்துக் காட்டினார். வாடகை வண்டியை நிறுத்தச் சொல்லிவிடு, நீ செய்ததை மறக்க மாட்டேன். நீயும் அங்கே எந்தத் தப்பு நடந்தாலும் முதலில் உன்னையே பிடித்துக் கூண்டில் நிறுத்தாதே, அந்தப் புத்தி உனக்கும் என்னிடமிருந்துதான் வந்திருக்கும். நேரத்துக்குத் தூங்கு. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மனதில் இருப்பதை நாலு மாதம் தள்ளிப்போடாமல் சொல்லிக்கொண்டு, நிறைவாக வாழ வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்து, என்னைக் கேட்காமல் அப்பாவைக் கூப்பிடு. அம்மாவுக்கு நீங்கள் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் அப்பா என்று சொல். நான் தினமும் சொல்கிறேன், பெண்டாட்டி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறார். நீ சொன்னால் நம்புவார்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா