ஆங்கிலத்தில் சொன்னால் சுடாது போல

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமாக இருப்பதை உங்களுடன் வேலை பார்க்கும் வெல்டர் அண்ணன் வந்து சொன்னார். லீவு முடிந்து அவர் நாளை கிளம்புகிறார். அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் "உங்க தம்பி" என்று நான் ஆரம்பித்தாலே லைனைத் துண்டித்துவிடுகிறீர்கள். கிழித்துப் போடுவதென்றாலும் இதைக் கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

பெரியவள் ஒழுங்காகப் படிக்கிறாள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டுமென்று வாயைத் திறந்தபடியே வீடெல்லாம் திரிகிறாள். ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று.

இனி உங்களுக்குக் கோபம் வரப்போகும் விஷயம். நான் வேலைக்குப் போகிறேன். நீங்கள் பாய்லர் பார்த்த அதே லாண்டரிதான், இஸ்திரிப் பகுதி. அந்தப் பக்கம் நீ காலே வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வெளிநாடு போனீர்கள். ஏன் சொன்னீர்கள் என்பது உள்ளே போய் நின்ற பிறகுதான் புரிந்தது.

பாய்லரின் சேஃப்டி வால்வை நீங்கள் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். ஸ்டீம் அளவுக்கு மேல் ஏறினால் தானாகத் திறந்து வெளியே விட வேண்டிய வால்வு அது. சும்மா சும்மா திறந்து வேலை நின்றதாம், முதலாளி கத்தினாராம், புதுசு வாங்கும்வரை இருக்கட்டும் என்று கட்டினீர்களாம். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் புதுசு வரவேயில்லை. அந்த பாய்லர் முன்னால் இப்போது உங்கள் தம்பி நிற்கிறான். அவன் அங்கே சேர்ந்தபோது உங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என்னைத் தடுத்த உங்களுக்கு அவனைத் தடுக்க மனசு வரவில்லையே என்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அங்கே யாரும் சூடு என்று சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் ஹீட்தான். உடம்பு ஹீட்டு, இளநீர் குடி. முதலாளி ஹீட்டா இருக்கார், கிட்டப் போகாதே. சூப்பர்வைசரைக் கேட்டால் எங்கள் வேலையில் ஃபயர் பத்தாதாம், மத்தியானம்வரை வெறும் வார்ம்-அப் பண்ணுகிறோமாம். பாய்லர் பிரஷர் மீட்டரின் முள் சிவப்புக்குப் போனதைச் சொன்னால், "லேசா ஓவர்ஹீட்" என்கிறார்கள், ஏதோ ஜலதோஷம் பிடித்த மாதிரி. ஆங்கிலத்தில் சொன்னால் சுடாது போல. ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளில் ஒன்று மட்டும் தனியாக வரும். மேலே பர்ன்ஸ் வார்டு என்று எழுதியிருக்கும். தீக்காயம் பட்டவர்கள் படுத்த அந்த விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள் நான்தான். எத்தனை தரம் வெளுத்தும் சில கறைகள் போவதில்லை. எனக்கு அந்த வார்த்தை சுடுகிறது.

போன வாரம் முள் சிவப்பையும் தாண்டி நின்றது. எங்கள் மேசைக்குப் பின்னால் இருப்பது பாய்லர் அறைச் சுவர். அது அதிர்ந்து, மடித்து வைத்த துணிமேல் சுண்ணாம்பு கொட்டியது. தம்பி ஓடிப்போய்த் தீயைக் குறைத்தான், பிழைத்தோம். நான் நேரே முதலாளியிடம் போனேன். "ஏம்மா ஹீட் ஆகுறீங்க, கூலா இருங்க. உங்க வீட்டுக்காரர் கட்டினதுதானே" என்றார். திங்கட்கிழமை முதல் இன்னொரு ஆஸ்பத்திரித் துணியும் வருகிறது. பிரஷரை ஏற்றச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு நானே கம்பியை வெட்டப் போனேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, இது அண்ணன் கட்டினது. அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடும்? அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே அவுத்துடறேன்" என்றான். வெளியே புகார் கொடுக்கலாம் என்றேன். "யார் கட்டினதுன்னுதானே முதல்ல கேப்பாங்க? அண்ணன் பேர் கெட நான் விடமாட்டேன்" என்கிறான். உங்கள் அப்பா இறந்தபோது உங்களால் வரமுடியாமல் போனதற்கு, இனி எனக்கு அண்ணனே இல்லை என்று போனில் கத்தினானே, அவன்தான் இவன். நீங்கள் அந்த ஒரு பேச்சையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது புத்தகப்பை தூக்கிக்கொண்டிருந்த பிள்ளை அவன்.

வேலையை விட்டு நின்றுவிடு என்று என்னைச் சொல்வீர்கள். அவனை அங்கே விட்டுவிட்டு வீட்டில் உட்கார என்னால் முடியாது. பெண் பிள்ளைகளை நினைத்துப் பார் என்பீர்கள். நினைத்துத்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமைக்கு முன்னால் அவனைக் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் திட்டுங்கள், பழசையெல்லாம் கிளறிச் சண்டை போடுங்கள், அவன் கேட்டுக்கொள்வான். போனை வைக்கும் முன் அந்தக் கம்பியை அவுத்துடுடா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நீங்கள் இருவரும் நூறு வயசு இருந்து அடித்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அவன் நம்பர் அதேதான். வீட்டுக்குள் சிக்னலே வராத நம்பர், ஏன்டா மாற்றாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அண்ணனுக்கு இது ஒன்றுதான் தெரியும் என்றான்.

அவன் போன் எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி.