ரோஸ் பாட்டில் இல்லாத குழந்தைக்கும் காப்பகக் கதவைத் திறந்துவிடக் கோரி

அனுப்புநர்:
லிப்ட் பழுதுபார்ப்பவர்
(மூன்று வயது மகளின் தகப்பன்),
பேக்கரிக்கு மேல்மாடி, பின்பக்க வீடு.

பெறுநர்:
உயர்திரு ஆய்வு அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் காப்பகப் பிரிவு,
நகராட்சி அலுவலகம், நான்காம் மாடி.

பொருள்: சளி பிடித்த குழந்தை ஆன்டிபயாடிக் பாட்டிலைக் காட்டினால்தான் உள்ளே வரலாம் என்னும் காப்பக விதியை நீக்கவும், என் மகளின் இடத்தை அவளுக்கே திருப்பித் தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலக லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனபோது, கதவை நெம்பித் திறந்து தங்களைக் கைகொடுத்து இறக்கிவிட்டவன் நான்தான். அன்று தாங்கள், எந்த உதவி என்றாலும் தயங்காமல் வந்து கேட்கும்படி சொன்னீர்கள். வியர்த்து விறுவிறுத்து நிற்பவர்கள் அப்படிச் சொல்வது வழக்கம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

1. என் மகள் எங்கள் தெருக்கோடியில் உள்ள குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்வருகிறாள். அங்கே மூக்கு ஒழுகும் குழந்தையைப் பொறுப்பாளர் அம்மையார் வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஆன்டிபயாடிக் பாட்டில் கொண்டுவந்தால் கதவு திறக்கும். பாட்டில்கள் எல்லாம் குழந்தைகளின் பெயர் ஒட்டப்பட்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிற்கும். பெரும்பாலானவை ரோஸ் நிறம். வெயில் படும்போது பார்க்க அழகாகவே இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

2. அம்மையாரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எந்தக் குழந்தைக்கு எந்தப் பக்கம் தட்டிக்கொடுத்தால் தூக்கம் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு குழந்தையின் சளி அடுத்த குழந்தைக்குத் தொற்றிவிடுமே என்பதுதான் அவர் கவலை. கவலை நியாயம். அதற்கு அவர் கண்டுபிடித்த பூட்டுதான் தவறான கதவில் தொங்குகிறது.

3. போன மாதம் என் மகளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சு, காது, தொண்டை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது வைரஸ் சளி, ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றார். காப்பகத்துக்கு வேண்டுமே என்று நான் தலையைச் சொறிந்தேன். அவர் கோபப்படாமல் விளக்கினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"பாக்டீரியாங்கறது தனியா அடுப்பு வச்சு, சுவர் கட்டிக் குடியிருக்கற ஆள் மாதிரி. அந்த அடுப்பையும் சுவரையும் உடைக்கறதுதான் ஆன்டிபயாடிக். வைரஸ் வெறுங்கையோட வந்து நம்ம அடுப்புலயே சமைச்சுக்கற ஆள். அவன்கிட்ட உடைக்கறதுக்கு என்ன இருக்கு?"

ஐயா, எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் சில உறவினர்களின் முகம் கண்முன் வந்ததால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வைரஸ் நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து நம் சாமான்களை வைத்தே பெருகுகிறது. இந்தச் சளியை நம் உடம்பே ஒரு வாரம் பத்து நாளில் விரட்டிவிடும். அதுவரை காய்ச்சலுக்கு மருந்து, நிறையத் தண்ணீர், ஓய்வு, அவ்வளவுதான். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் வைரஸ் அசையாது, வயிற்றுப்போக்குதான் வரும் என்றும் சொல்லியனுப்பினார்.

4. காய்ச்சல் விட்டதும் குழந்தை காப்பகத்துக்கு வரலாம் என்று டாக்டரம்மா கடிதமே எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் நன்றாக விட்ட பிறகு அதை எடுத்துக்கொண்டு போனேன். அம்மையார் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இந்தக் காகிதத்தை நான் ஸ்பூன்ல ஊத்திக் குடுக்க முடியுமா சார்?" என்றார்.

கடிதத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

5. என் மனைவி எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள பேக்கரியில் கேக் மேல் பூ வைப்பவர். என்னைவிட வேகமாக யோசிப்பவர் என்பது ஊரறிந்த விஷயம். பக்கத்து வீட்டில் காலியான ஆன்டிபயாடிக் பாட்டில் ஒன்றை வாங்கி, வெந்நீரில் கழுவி, சர்க்கரைப் பாகு காய்ச்சி, ரோஸ் எசன்ஸ் இரண்டு சொட்டு விட்டு நிரப்பிவிட்டார். தகப்பன் என்ற முறையில் நான் தடுத்திருக்க வேண்டும். ருசி பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

6. பாட்டிலைப் பார்த்ததும் கதவு திறந்தது. மதியந்தோறும் ஒரு ஸ்பூன் ஊற்றப்பட்டது. என் மகளுக்கு அது மிகவும் பிடித்துப்போய், சாப்பாட்டு நேரம் நெருங்கினாலே அம்மையாரிடம் போய் இருமிக் காட்டினாளாம். சளி தன் பாட்டுக்கு வந்த வழியே போய்விட்டது. அம்மையாருக்குப் பரம திருப்தி. இவ்வளவு சீக்கிரம் கேட்கிற மருந்தைத் தாம் பார்த்ததே இல்லை என்று லேபிளில் உள்ள பெயரை மற்ற பெற்றோர்களுக்கும் சொல்லிவிட்டார். சிலர் டாக்டரிடம் அடம்பிடித்தார்கள். சிலர் டாக்டரைத் தாண்டி நேரே மருந்துக் கடைக்கே போனார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்தது பாகு அல்ல, நிஜ மருந்து.

7. என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன் ஐயா. லிப்ட் வரும்வரை சிலர் பொத்தானைக் குத்திக்கொண்டே இருப்பார்கள். அது வரும் நேரத்துக்கு வரும். வந்ததும், "பாத்தியா, அழுத்தினேன் வந்துருச்சு" என்று பக்கத்தில் நிற்பவரிடம் பெருமைப்படுவார்கள். தாங்களும் அப்படி அழுத்துபவர் என்பதை மரியாதையுடன் நினைவுபடுத்துகிறேன். பொத்தான் தேய்ந்தால் நான் வந்து மாற்றிவிடுவேன். இந்த மருந்துக்கு அப்படி ஆள் வர முடியாது. தேவையில்லாமல் குடிக்கும்போதெல்லாம் உடம்பில் சும்மா கிடக்கும் பாக்டீரியாக்களில் வலுவற்றவை செத்து, மருந்துக்கு அசராதவை தங்கிப் பெருகுகின்றன. பிறகு நிஜமாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

8. அப்படி ஒரு நாள் வந்தது. காப்பகத்தில் என் மகளோடு ஒரே பாயில் தூங்குகிற தோழி, தபால்காரரின் மகள். ஒவ்வொரு சளிக்கும் தவறாமல் பாட்டில் கொண்டுவந்த குழந்தை. அவளுக்குக் காதில் சீழ் பிடித்தது. அது பாக்டீரியா வேலை, அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும் என்று டாக்டரம்மாவே எழுதினார். வழக்கமான மருந்து கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டியதாயிற்று. முன்பு அடிக்கடி குடித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். இப்போது தேறி வருகிறாள். காது எப்படிக் கேட்கிறது என்று இன்னும் பரிசோதிக்க வேண்டுமாம். அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் மனைவி சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

9. மறுநாள் காலை மகளையும் அழைத்துக்கொண்டு போய், எங்கள் பாட்டிலில் இருந்தது சர்க்கரைப் பாகு என்று அம்மையாரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அதான் பாப்பாவுக்குச் சரியாயிடுச்சே சார். அப்புறம் எப்படி அது வெறும் பாகா இருக்கும்?" என்றார்.

நான் எசன்ஸ் பாட்டிலை எடுத்துக் காட்டி, மோந்து பார்க்கச் சொன்னேன். அவரால் முடியவில்லை. காரணம், அன்று அம்மையாருக்கே கடும் சளி. மூக்கு சிவந்து, கழுத்தில் துண்டு சுற்றி, தும்மிக்கொண்டே கதவைப் பிடித்திருந்தார். அதுவரை சும்மா நின்ற என் மகள் அவரை அண்ணாந்து பார்த்து, "டீச்சர், உங்க பாட்டில் எங்க?" என்று கேட்டாள்.

ஐயா, குழந்தை கிண்டலாகக் கேட்கவில்லை. பாட்டில் இல்லாவிட்டால் டீச்சரையும் உள்ளே விடமாட்டார்களே என்ற பதைப்பில் கேட்டாள். வாசலில் நின்ற மற்ற பெற்றோர்கள் சிரித்ததுதான் வினையாகிவிட்டது.

10. அன்று மாலையே தகவல் வந்தது. பொய்ப் பாட்டில் கொடுத்ததற்காக என் மகளின் இடம் நிறுத்திவைக்கப்படுகிறதாம். இந்த வாரத்துக்குள் நிஜ ஆன்டிபயாடிக் பாட்டிலைக் கொண்டுவராவிட்டால், காத்திருக்கும் அடுத்த குழந்தைக்கு அந்த இடம் போய்விடுமாம். என் மகளுக்கு இப்போது சளியே இல்லை. இல்லாத நோய்க்கு, இருந்தபோதும் கேட்டிருக்காத மருந்தை நான் எங்கே போய்க் கேட்பது?

11. பேக்கரி அடுப்புப் பக்கம் குழந்தையை விட முடியாது என்பதால் அவள் இப்போது என்னோடு வேலைக்கு வருகிறாள். நான் லிப்ட் குழிக்குள் இறங்கும்போது மேலே காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் நல்ல மனிதர், ஆனால் தொலைபேசி அடித்தால் எழுந்து போய்விடுகிறார். திறந்த கதவுக்குப் பக்கத்தில் மூன்று வயதுக் குழந்தை. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. நேற்று தூசியில் தும்மல் வந்தபோது, அவள் என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்றாள். நோயை மறைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கதவு கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆகவே, காய்ச்சல் உள்ள குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லவும், கை கழுவும் இடத்தில் சோப்பு வைக்கவும், மற்றபடி எந்த மருந்து என்பதை டாக்டரிடமே விட்டுவிடவும் காப்பகத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பாட்டில் விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு விதிக்கும் தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறோம். அது பெரியவர்களோடு நிற்கட்டும். அம்மையார் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். தங்கள் வாயால் கேட்டால் அவர் நம்புவார். என் மகள் அவர் தட்டிக்கொடுத்தால்தான் மதியம் தூங்குவாள். அவளுக்கு அந்தப் பாயில் அவள் இடம் வேண்டும், தோழி திரும்பி வரும்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, தங்கள் அலுவலக லிப்டை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்திவைக்க மாட்டேன் என்ற உறுதியோடு,

இடம்: காப்பகத்துக்கு எதிர் நடைபாதை
நாள்: வியாழக்கிழமை, கதவு சாத்திய பிறகு

இப்படிக்கு,
(ஒப்பம்)
லிப்ட் பழுதுபார்ப்பவர்

இணைப்பு:
அ) டாக்டரம்மாவின் கடிதம். ஸ்பூனில் ஊற்ற முடியாது, படிக்கலாம்.
ஆ) ரோஸ் பாட்டில் ஒன்று, என் மனைவி புதிதாகக் காய்ச்சியது. தங்களுக்குச் சளி பிடிக்கும்போது தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுப் பார்க்கவும். ஒரு வாரத்தில் கட்டாயம் குணமாகும்.