பேருக்கு நின்றவர்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. உங்கள் குட்டி மருமகனுக்குச் சாயங்காலத்திலிருந்து உடம்பு லேசாகச் சுடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை, மருந்து கொடுத்தாயிற்று. ஆனால் போன வருடம் காய்ச்சலில் அவனுக்கு வலிப்பு வந்ததிலிருந்து, உடம்பு கொஞ்சம் சூடானால்கூட என்னால் விளக்கை அணைக்க முடிவதில்லை. ஒரு கையை அவன் முதுகில் வைத்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வீடு சின்னது, உங்கள் தம்பிக்குக் காது பெரியது. அதோடு எங்கள் வீட்டுப் போன் இப்போது எங்களுடையது இல்லை, கட்சியுடையது. எடுத்தாலே யாராவது ஒருவர் "சார் இருக்காரா?" என்கிறார். முதல் தடவை, ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அந்த சார் உங்கள் தம்பி என்று.

நகரசபைத் தேர்தலில் அவர் ஜெயித்த செய்தி கேட்டு நீங்கள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்ததாகப் பெருமையோடு சொன்னார். அந்த இனிப்பைக் கசக்க வைப்பது என் நோக்கமில்லை. ஆனால் அவர் உங்களிடம் சொன்ன கதையில் மக்கள் எழுச்சி நிறைய இருந்திருக்கும், ஃப்ரிட்ஜ் இருந்திருக்காது. உண்மையில் கதை ஃப்ரிட்ஜில்தான் ஆரம்பிக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் 'மைக்' என்று ஒருவர் இருக்கிறார். வருடக்கணக்காகப் பழைய கட்சியின் மேடையில் மைக் பிடித்தவர். இந்தப் புதுக்கட்சி கிளம்பியதும், கொள்கையை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு மைக்கை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று உங்கள் தம்பி பழுது பார்க்கப் போனார். இவர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் படுத்துக்கிடக்க, மைக் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தாராம். எல்லா வார்டுக்கும் ஆள் போட்டாச்சு, நம்ம வார்டுக்குத்தான் ஒருத்தனும் சிக்கல, நாளைக்குக் கடைசி நாள் என்று. போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் கண்ணில் உங்கள் தம்பியின் கால் பட்டிருக்கிறது. "தம்பி, உங்களுக்கு இந்த வார்டுலதானே ஓட்டு? சும்மா பேருக்கு நில்லுங்க. செலவு நம்மளுது. நீங்க என்ன ஜெயிக்கவா போறீங்க?" என்றாராம். கஸ்டமர் மனசு நோகக் கூடாது என்று இவரும் கையெழுத்துப் போட்டார். கம்ப்ரஸர் மாற்றப் போனவர் வேட்பாளராகத் திரும்பி வந்தார்.

போஸ்டருக்குப் படம் கேட்டார்கள். தனியாக எடுத்த நல்ல படம் அவரிடம் ஏது? எங்கள் கல்யாணப் படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டார்கள். வெட்டியவருக்கு என்ன அவசரமோ, அவர் முழங்கையைப் பிடித்திருந்த என் கை மட்டும் மணிக்கட்டோடு அங்கேயே நின்றுவிட்டது. ஊர்ச் சுவர்களில் எல்லாம் உங்கள் தம்பி சிரித்துக்கொண்டு நிற்கிறார், உடம்பில்லாத ஒரு கை அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. "அது யாரு கை, அக்கா?" என்று பேப்பர் கடைப் பெண் கேட்டாள். கட்சிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

ஓட்டுக் கேட்டு அவர் ஒரு வீட்டு வாசல்கூட ஏறவில்லை. ஓட்டு எண்ணிய அன்று ஒரு ஹோட்டலின் குளிர் அறைக்குள் வேலையாக இருந்தார். மைக் கூப்பிட்டபோது, "அண்ணே, கேஸ் ஏத்திட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாராம். வெற்றிச் செய்தியையே கட் பண்ணிய கவுன்சிலர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

நகரசபையில் ஐந்தாறு இடம் போக மிச்சமெல்லாம் இந்தப் புதுக்கட்சிக்கே. ஒரு வார்டில் ஜெயித்தவர் வெளிநாட்டில் இருக்கிறார். எந்தத் தேர்தலில் ஜெயித்தோம் என்று கேட்டு மெசேஜ் அனுப்பினாராம். இன்னொரு வார்டில் ஜெயித்தவரைக் கட்சிக்காரர்களே இன்னும் பார்த்ததில்லை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். இங்கே பறந்த அம்மி நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த உடனே, காற்றை வரவழைத்ததே நான்தான் என்கிறது.

தோற்றவருக்காக நான் அழுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கவுன்சிலருக்குத் தெருவில் 'கத்திரி' என்று பேர். ரிப்பன் வெட்டத் தவிர வேறு எதற்கும் வரமாட்டார். எங்கள் தெருச் சாக்கடை மூடியை மாற்றச் சொல்லி நான் கொடுத்த மனுவின் மேலேயே டீ டம்ளரை வைத்தவர் அவர். இப்போது ஜனங்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் புலம்புகிறாராம். தோற்ற பிறகாவது வீடு வீடாகப் போகத் தெரிந்ததே!

அப்புறம் நம் ஜனங்கள். மாடி வீட்டில் ரிட்டயர்டான பேங்க் மேனேஜர் ஒருவர் இருக்கிறார், பத்திரிகையை விளம்பரம் உட்பட வரி விடாமல் படிப்பவர். இவர்களுக்கு எதற்கு ஓட்டுப் போட்டீர்கள் என்றால், "ஒரு தடவ இவங்களையும்தான் பார்ப்போமேம்மா" என்கிறார். பார்ப்போமே என்பது துணிக்கடையில் சொல்லும் பேச்சு. அங்கே பிடிக்காவிட்டால் மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். இவர்களை யார் மடிப்பது?

நான் யாருக்குப் போட்டேன் என்று உங்கள் தம்பியும் கேட்டார். ரகசிய வாக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது, கவுன்சிலர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அன்று இரவு முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மனிதர் மாறிவிட்டார், அக்கா. 'நான்' போய் 'நாங்கள்' வந்திருக்கிறது. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால், "கவனத்துக்குக் கொண்டு வந்ததுக்கு நன்றி" என்கிறார். என்னிடம்! அற்பனுக்கு வாழ்வு வந்தால் என்று ஒரு பழமொழி உண்டு. அவருடைய அக்காவுக்கு எழுதும் கடிதத்தில் அதை முழுசாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஹோட்டல் முதலாளி இத்தனை வருடமாக இவரைப் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விடுவார். போன வாரம் நானும் கூட இருந்தேன். முன்வாசலில் நிறுத்தி, நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டார். உங்கள் தம்பி அதில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன். நுனியில், யாராவது எழுப்பிவிடுவார்களோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம்.

நகரசபையின் குழந்தைகள் காப்பகத்தை மூடப் போகிறார்கள். உங்கள் மருமகனை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போகிறேனே, அதே காப்பகம்தான். தேர்தல் நோட்டீஸில் 'வீண் செலவை ஒழிப்போம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, அடியில் எறும்பு எழுத்தில் அதன் பேரையும் போட்டிருந்தார்கள். காப்பகத்துக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மாரில் பாதிப் பேர் இவர்களுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். வீண் செலவு என்றால் அடுத்த வீட்டுச் செலவு என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது காப்பக வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்க்கா" என்கிறார்கள். போஸ்டரில் இருக்கும் கைக்கு இவ்வளவு செல்வாக்கு இருப்பதாக நினைக்கிறார்கள்.

நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வெறும் வயிற்றோடு ஜனம் விடிவதற்குள் வந்து நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளையை வாங்கிக்கொள்ள இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. தனியார் காப்பகங்களில் கேட்டுப் பார்க்காமல் இல்லை. வலிப்பு என்ற வார்த்தையைச் சொன்னதும், "நாங்க பொறுப்பு ஏத்துக்க முடியாதுங்க" என்று விண்ணப்ப ஃபாரத்தை மடித்து வைத்துவிட்டார்கள். போன வருடம் அவனுக்கு வந்தது காப்பகத்தில்தான். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, டாக்டரையும் வரவழைத்திருந்தார்கள். காப்பகத்து அம்மா என்னைப் பார்த்து, "மொதல்ல நீ உக்காரும்மா, உனக்கு ஏதாவது ஆயிடப் போவுது" என்றார். அதைத்தான் வீண் செலவு என்கிறார்கள்.

அடுத்த வாரக் கடைசியில் நகரசபையின் முதல் கூட்டம். காப்பகம் எங்கள் வார்டில் இருப்பதால் அதை மூடும் தீர்மானத்தை உங்கள் தம்பிதான் முன்மொழிய வேண்டுமாம். எழுதியே கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி முன்னால் நின்று படித்துப் பழகுகிறார், கடைசியில் கையைத் தூக்குகிறார். அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து உங்கள் மருமகனும் கையைத் தூக்கிச் சிரிக்கிறான். அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தேன்.

நம் பையன் எங்கே போவான் என்று கேட்டேன். நீ வேலையை விட்டுவிடேன், கொஞ்ச நாள்தானே என்றார். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை வருடம் என்று கேட்டேன். தலைமை முடிவு பண்ணியாச்சு, கை தூக்கவில்லை என்றால் மறுநாளே கட்சியை விட்டு வெளியே என்று மைக் சொல்லியிருக்கிறார், நான் என்ன செய்ய முடியும் என்றார். உள்ளே போகச் சொன்னதும் மைக்தான், வெளியே போகச் சொல்வதும் மைக்தான். நடுவில் இவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

நன்றி சொல்ல ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் உங்களைப் பற்றித்தான் பேசினார். அம்மா வேலைக்குப் போக, கைக்குழந்தையான தன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தன்னை வளர்த்தாள் என்று சொன்னார். கண் கலங்கினார், அது நடிப்பில்லை. "எங்கக்கா எனக்காக சந்தோஷமா விட்டாங்க" என்றார். கூட்டம் அப்படிக் கைதட்டியது. அன்று அந்த ஊரில் ஒரு காப்பகம் இருந்திருந்தால் என்ற நினைப்பு அந்த மேடையில் ஒருவருக்கும் வரவில்லை. மைக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சந்தோஷமாக என்றார், அக்கா.

என் பிரசவத்துக்கு நீங்கள் வந்திருந்தபோது, ஒரு மத்தியானம் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஏதோ கணக்குப் போட்டுத் தப்பாகச் சொல்ல, நீங்கள் மனசிலேயே போட்டுத் திருத்தினீர்கள். ஆச்சரியப்பட்டேன். "கிளாஸ்ல கணக்குல நான்தான் மொதல்ல வருவேன்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தீர்கள்.

நான் சொன்னால் பொண்டாட்டி நச்சு என்று தள்ளிவிடுவார். காப்பகத் தாய்மார்கள் சொன்னால் எதிர்க்கட்சியின் தூண்டுதல் என்பார். நீங்கள் எழுதினால் மட்டும் உட்கார்ந்து இரண்டு தடவை படிப்பார். அரசியல் எதுவும் எழுத வேண்டாம். எனக்குச் சொன்ன அந்த ஒரு வரியை அவருக்கு எழுதுங்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் விட்டீர்கள் என்றால் அப்படியே எழுதிவிடுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு வேலையை விட்டுவிடுகிறேன்.

உங்கள் மருமகனுக்குக் கழுத்தில் வேர்க்கிறது, சூடு இறங்குகிறது. உங்கள் தம்பி பக்கத்து அறையில் நன்றாகத் தூங்குகிறார். அவருக்கும் உங்கள் ஆசீர்வாதம் வேண்டும். எங்களைவிட அவருக்குத்தான் இப்போது அதிகம் வேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் கடிதம் வந்து சேர வேண்டும், அக்கா. எனக்கு எழுத வேண்டாம், அவருக்கே எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பியின் மனைவி