ஆறுமுகம் மகள் காலேஜுக்குப் போகிறாள்

மே 11, திங்கள்
தூறல். இட்லி மாவு பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிசல். துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் கயல் கத்தினாள். தேள் கீள் கடித்துவிட்டதோ என்று ஓடினேன்.

"அம்மா, ஐ காட் இட்! ஃபுல் டியூஷன்மா!"

இந்த நாட்டில் தங்க விசா பேப்பர் இல்லாத பிள்ளைகளுக்கென்று யாரோ புண்ணியவான் வைத்த ஸ்காலர்ஷிப். காலேஜ் ஃபீஸ் முழுசும் அவர்களே கட்டிவிடுவார்கள். இது வராவிட்டால் காலேஜே இல்லை என்றிருந்தோம். வந்துவிட்டது! மாவுக் கையோடு கட்டிக்கொண்டேன். அவளுடைய புது டாப்ஸ் நாசம். போகட்டும்.

மே 12, செவ்வாய்
வாங்க: ரவை, நெய், முந்திரி (உடைத்தது போதும். இல்லை, இன்றைக்கு முழுசு).

கயல் அப்பா கடையிலிருந்து வந்ததும் கேசரி. இரண்டு கிண்ணம். வெள்ளிக்கிழமை ஸ்கூல் மேடையில் கொடுக்கிறார்கள் என்றதும் ஸ்பூன் நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் எதுக்கு?"

"அப்பா, நோபடி வில் ஆஸ்க் எனிதிங்."

"உனக்குத் தெரியாதும்மா. பேரு கேப்பாங்க."

கம்பெனி மூடி விசா போனதிலிருந்து இதே பாட்டு. வீடு, போன், கரன்ட், எதுவும் அவர் பெயரில் இல்லை. வேலை பார்க்கும் மளிகைக் கடையில்கூடச் சொல்லியிருக்கும் பெயர் 'ராஜ்'தான். கோபமாக வருகிறது. அழுகையும்.

மே 14, வியாழன்
வெள்ளைச் செருப்பு கிடைத்தது. கயலுக்குக் கொஞ்சம் பெரிசு. பஞ்சு வைக்கலாம்.

வாசலில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று ஸ்கூல் கவுன்சிலர் சொன்னாராம். கயல் அப்பாவிடம் ஒப்பித்தேன். பிறகு எட்டிப் பார்த்தால் நீலச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறார்! பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

மே 15, வெள்ளி
நல்ல வெயில். வந்தார்! கடைசி வரிசை, கதவை ஒட்டிய சீட். கோட்டைக் கழற்றவே இல்லை.

மைக்கில் பிரின்சிபால்: "கேயல்... அருமூகம்!"

இங்கே வந்ததும் அப்பா பெயரைத்தானே பிள்ளைக்குக் கடைசிப் பெயராகப் போட்டோம். எனக்கே தோன்றாமல் போயிற்று. ஹால் முழுக்க என் வீட்டுக்காரர் பெயர்! இவர் விருட்டென்று எழுந்து,

"உள்ளேன் ஐயா!"

அத்தனை தலையும் திரும்பியது. கோட்டைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை. கயல் மேடையிலிருந்து "தட்ஸ் மை டாட்!" என்று கத்த, ஒரே கைதட்டல். எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

முன் சீட் வெள்ளைக்கார அம்மா திரும்பி, "கங்கிராஜுலேஷன்ஸ், மிஸ்டர் அருமூகம்" என்றார்.

"நோ, நோ," என்றார் இவர், சத்தமாக. "ஆறுமுகம். ஆ-று-மு-கம். எங்க, சொல்லுங்க பாக்கலாம்!"